வகைமை எங்கே இருக்கிறது? திரைப்பட ஆய்வும் சுயாதீன சினிமாவும்: ஓர் அறிமுகம்

1903ஆம் ஆண்டில் எடிசன் நிறுவனத்துக்காக எட்வின் எஸ். போர்ட்டர் எடுத்த 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்ற படம் ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஓடும். கொள்ளையர் தந்தி அலுவலரைக் கட்டிப்போடுகிறார்கள், ரயிலை மறித்துப் பயணிகளிடம் பணத்தைப் பறிக்கிறார்கள், குதிரையேறித் தப்பிக்கிறார்கள், பின்தொடர்ந்து வந்த கூட்டம் காட்டுக்குள் அவர்களைச் சுட்டு வீழ்த்துகிறது. கதையோடு ஒட்டாத இன்னொரு காட்சியும் உண்டு. அதில் கொள்ளையன் ஒருவன் நெருக்கக் காட்சியில் தோன்றி, நேராகப் பார்வையாளரை நோக்கித் துப்பாக்கியை நீட்டிச் சுடுகிறான். அந்தக் காட்சியைப் படத்தின் தொடக்கத்தில் வைப்பதா முடிவில் வைப்பதா என்பதைத் திரையிடுவோரின் விருப்பத்துக்கே நிறுவனம் விட்டிருந்தது.

குதிரை, தொப்பி, துப்பாக்கி, கொள்ளை, துரத்தல் எல்லாம் இருப்பதால் இதை முதல் 'வெஸ்டர்ன்' என்று, அதாவது நம் பேச்சு வழக்கில் முதல் கௌபாய் படம் என்று, அறிமுக நூல்கள் பல நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. சினிமா வரலாற்றாசிரியரான சார்லஸ் மஸ்ஸர் 1980களில் இந்த முடிவைக் கேள்விக்கு உட்படுத்தினார். படம் வெளியான காலத்தின் சூழலை ஆராய்ந்த அவர், அன்றைய பார்வையாளர்கள் இதை அப்போது புகழ்பெற்றிருந்த ரயில் பயணப் படங்கள், குற்றப் படங்கள், துரத்தல் படங்கள் ஆகியவற்றின் வரிசையிலேயே வைத்துப் பார்த்தார்கள் என்று வாதிட்டார். வெஸ்டர்ன் என்றொரு வகை அப்போது சினிமாவில் உருவாகியே இருக்கவில்லை. படப்பிடிப்பின் பெரும்பகுதி நடந்ததும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அல்ல. கிழக்குக் கரையோரமான நியூ ஜெர்சியில்தான்.

படத்தில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. அது எந்த வகையைச் சேர்ந்தது என்ற முடிவு மட்டும் மாறிவிட்டது. அப்படியானால் வகை என்பது படத்துக்குள் இருக்கிறதா, அல்லது படத்துக்கு வெளியே, அதை எடுப்பவர்கள், விற்பவர்கள், பார்ப்பவர்கள், எழுதுபவர்கள் ஆகியோருக்கு இடையிலான ஓர் உடன்பாட்டில் இருக்கிறதா? திரைப்பட வகைமை குறித்த கல்விப்புல ஆய்வு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களின் பிடிக்கு வெளியே எடுக்கப்படும் படங்களைப் பொதுவாகக் குறிக்கும் 'சுயாதீன சினிமா' என்ற சொல்லையும் இதே கேள்வியோடு அணுகும்போதுதான் அது தெளிவாகிறது என்பது என் கருத்து. இந்தக் கட்டுரை இரண்டையும் சேர்த்தே அறிமுகப்படுத்துகிறது.

வகைமை என்பதை எளிய பொருளில், ஒத்த தன்மைகளால் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட படங்களின் தொகுதி என்று கொள்ளலாம். திரையுலகில் இதை 'ஜானர்' என்கிறார்கள். பேய்ப் படம், காதல் படம், துப்பறியும் படம் என்று நாம் அன்றாடம் வகைப்படுத்துவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒத்த தன்மை என்பது எது என்று கேட்டவுடன் சிக்கல் தொடங்கிவிடுகிறது. வெஸ்டர்னை இடத்தாலும் காலத்தாலும் அடையாளம் காண்கிறோம். திகில் படத்தை அது நமக்குள் எழுப்பும் உணர்ச்சியால் அடையாளம் காண்கிறோம். பாடல் படத்தை அதன் வடிவத்தால் அடையாளம் காண்கிறோம். மூன்றுக்கும் அளவுகோல்கள் வெவ்வேறு. ஆயினும் மூன்றையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதிவிடுகிறோம்.

இந்தச் சிக்கலைத் தமிழ் வாசகர்கள் புரிந்துகொள்வதற்கு நம் அகத்திணை மரபு பெரிதும் உதவும். குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் மரபு அங்கேயே நின்றுவிடவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய தெய்வம், விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை கருப்பொருள். அங்கே மனிதருக்கு இடையே நிகழ்வது, அதாவது குறிஞ்சியில் புணர்தலும் பாலையில் பிரிதலும் போன்ற ஒழுக்கம், உரிப்பொருள். கண்ணுக்குத் தெரியும் பொருள்களின் தொகுதி ஒரு தளம் என்றால், அவற்றை ஒரு பொருளுள்ள உறவாகக் கட்டும் அமைப்பு மற்றொரு தளம்.

அமெரிக்க ஆய்வாளர் ரிக் ஆல்ட்மன் 1984இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்று ஏறத்தாழ இப்படிப்பட்ட ஒரு பிரிவினையைத்தான் திரைப்படத்துக்கு முன்வைத்தது. அதுவரை ஆய்வாளர்கள் இரண்டு அணிகளாக இருந்தார்கள். ஓர் அணியினர் குதிரை, பாலைநிலம், மரக் கட்டடங்கள் கொண்ட சிற்றூர், இடுப்பில் தொங்கும் துப்பாக்கி போன்ற கூறுகளைப் பட்டியலிட்டு, அவை இருந்தால் வெஸ்டர்ன் என்றார்கள். மற்ற அணியினர் கூறுகளைவிட அவற்றுக்கு இடையிலான உறவே முக்கியம் என்றும், நாகரிகத்துக்கும் காட்டுக்கும் நடுவேயுள்ள எல்லையில் ஒரு மனிதன் நின்று இரண்டில் எதைச் சேர்வது என்று தவிப்பதே வெஸ்டர்ன் என்றும் சொன்னார்கள். முதல் அணுகுமுறை சொற்களை எண்ணுவது போன்றது. இரண்டாவது, வாக்கியத்தின் இலக்கணத்தை அறிவது போன்றது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ஆல்ட்மன் வாதிட்டார். சில படங்கள் கருப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு உறவுகளைச் சொல்கின்றன. வேறு சில, குதிரைக்குப் பதில் விண்கலத்தை வைத்துக்கொண்டு பழைய எல்லைப்புறக் கதையையே நடத்துகின்றன. நீடித்து வாழும் வகைமைகள், இரண்டு தளங்களும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவையாக இருக்கின்றன.

இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. திணைக் கோட்பாடு புலவர்களுக்கும் வாசகர்களுக்கும் பொதுவான ஓர் இலக்கணமாக எழுதிவைக்கப்பட்டது. திரைப்பட வகைமைக்கு அப்படி எழுதிவைத்த இலக்கணம் எதுவும் கிடையாது. இருந்தாலும் திணைமயக்கம் என்று பெயரிட்டு, கலப்பையும் இலக்கணத்துக்குள்ளேயே ஏற்றுக்கொண்ட ஒரு மரபில் வந்தவர்களுக்கு, ஒரே படத்தில் பல வகைமைகள் கலப்பது முறைகேடாகத் தோன்ற வேண்டியதில்லை. ஹாலிவுட்டின் பொற்காலப் படங்கள் வகை தூயவை, பிற்காலத்தில்தான் கலப்பு வந்தது என்று பலரும் நம்புகிறார்கள். அந்தக் காலப் படங்களின் விளம்பரங்களைப் படித்துப் பார்த்தால், ஒரே படத்தில் காதல், சாகசம், நகைச்சுவை எல்லாம் உண்டு என்று நிறுவனங்கள் கூவி விற்றிருப்பது தெரியவரும். எத்தனை வகை ரசிகரை இழுக்க முடியுமோ அத்தனை பேரையும் இழுப்பதுதானே விற்பவருக்கு லாபம்?

இங்கே பிரிட்டன் ஆய்வாளர் ஆண்ட்ரூ டியூடர் 1970களின் தொடக்கத்தில் சுட்டிக்காட்டிய ஒரு தருக்கச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். வெஸ்டர்ன் என்றால் என்ன என்று வரையறுக்க ஒருவர் விரும்புகிறார். அதற்காகச் சில வெஸ்டர்ன் படங்களைத் திரட்டி அவற்றின் பொதுத்தன்மைகளை ஆராய்கிறார். ஆனால் எந்தப் படங்களைத் திரட்டுவது? வெஸ்டர்ன் என்றால் என்னவென்று முன்பே தெரிந்திருந்தால்தான் திரட்டவே முடியும். இந்த வட்டத்திலிருந்து வெளியேற டியூடர் காட்டிய வழி மிக எளிமையானது: ஒரு சமூகம் எதை வெஸ்டர்ன் என்று பொதுவாக நம்புகிறதோ அதுவே வெஸ்டர்ன். முதலில் படிக்கும்போது இது தப்பித்துக்கொள்ளும் பதில்போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள், இந்தப் பதிலை நேர்மையாகப் பின்தொடர்ந்தால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைக் காட்டின. சமூகம் நம்புகிறது என்றால், யார் நம்பினார்கள், எப்போது, எந்தச் சொல்லால் அதைக் குறித்தார்கள் என்று தேட வேண்டும். தேடுவதற்கு ஆவணங்கள் இருக்கின்றன.

அப்படித் தேடியவர்களில் பிரிட்டன் ஆய்வாளர் ஸ்டீவ் நீல் முதன்மையானவர். வகைமை என்பது ஒரே அச்சில் வார்த்த பொருள்களின் வரிசை அல்ல என்பதும், ஒவ்வொரு படமும் பழையதைத் திரும்பச் செய்வதோடு அதிலிருந்து சிறிதேனும் விலகியாக வேண்டும் என்பதும் அவர் வலியுறுத்திய கருத்து. முற்றிலும் பழையதென்றால் பார்வையாளர் சலித்துவிடுவார். முற்றிலும் புதியதென்றால் எதை எதிர்பார்த்து உள்ளே வருவது என்று அவருக்குத் தெரியாது. அந்த எதிர்பார்ப்பைச் சுவரொட்டி, விளம்பரம், முன்னோட்டம், விமர்சனம் ஆகியவை திரையரங்குக்குள் நுழையும் முன்பே நம்மிடம் விதைத்துவிடுகின்றன. ஆகவே வகைமையை ஆராய்பவர் படத்தை மட்டும் பார்த்தால் போதாது. படத்தைச் சுற்றியிருக்கும் இந்தக் காகிதங்களையும் படிக்க வேண்டும்.

நீல் இதைச் செய்து காட்டிய இடம் மெலோடிராமா, அதாவது மிகையுணர்ச்சி நாடகம். 1970களிலும் 1980களிலும் ஆய்வாளர்கள், குறிப்பாகப் பெண்ணிய ஆய்வாளர்கள், வீட்டுக்குள் நிகழும் துயரங்களையும் பெண்களின் அடக்கப்பட்ட உணர்ச்சிகளையும் பேசும் 1950களின் குடும்பப் படங்களை மெலோடிராமா என்ற பெயரில் ஆழமாக ஆராய்ந்தார்கள். மதிப்புமிக்க ஆய்வுகள் அவை. ஆனால் ஸ்டுடியோ காலத்து, அதாவது சில பெரிய நிறுவனங்களே ஹாலிவுட்டை ஆண்ட காலத்து, திரைத்தொழில் பத்திரிகைகளைப் புரட்டிய நீல், அங்கே மெலோடிராமா என்ற சொல் பெரும்பாலும் வேறு படங்களுக்கு, அதாவது குற்றமும் துரத்தலும் பரபரப்பும் நிறைந்த படங்களுக்குப் பயன்பட்டிருப்பதைக் கண்டார். அதே சொல், இரண்டு காலங்களில், ஏறத்தாழ எதிரெதிரான இரண்டு படத்தொகுதிகளைக் குறித்திருக்கிறது. யார் சொன்னது சரி என்று கேட்பது இங்கே பொருந்தாது. எந்தப் பயன்பாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும்.

ஃபிலிம் நுவார் என்ற வகையின் கதை இன்னும் வியப்பானது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பிரான்சில் புதிய அமெரிக்கப் படங்கள் திரையிடப்படவில்லை. போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில், இடைப்பட்ட ஆண்டுகளில் தேங்கிய படங்கள் பாரிஸ் திரையரங்குகளுக்குக் குறுகிய காலத்தில் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் சில ஆண்டுகள் இடைவெளியில் வெளியானவற்றைப் பாரிஸ் விமர்சகர்கள் சில வாரங்களுக்குள் பார்த்தார்கள். இருட்டான ஒளியமைப்பு, நம்பிக்கையிழந்த துப்பறிவாளன், ஏமாற்றும் காதலி, சீர்கெட்ட நகரம் என்று ஒரு பொதுச்சாயல் அவர்கள் கண்ணில் பட்டது. நீனோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அந்த ஆண்டிலேயே 'நுவார்', அதாவது கருப்பு, என்ற சொல்லை அவற்றுக்குச் சூட்டினார். 1955இல் இந்த வகை பற்றிய முதல் நூலும் பிரெஞ்சு மொழியில்தான் வந்தது. அந்தப் படங்களை எடுத்தவர்கள் குற்றப்படமோ மர்மப்படமோ எடுப்பதாகத்தான் நினைத்தார்கள். ஃபிலிம் நுவார் எடுக்கிறோம் என்று நினைத்து ஒருவரும் கேமராவை முடுக்கவில்லை. இன்றோ அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப நிழலை அமைத்துப் படமெடுக்கிறார்கள். விமர்சகர் வைத்த பெயர் தொழிலின் வழக்காகவே மாறிவிட்டது.

ஹாலிவுட்டை மட்டும் வைத்துப் பேசினால் வகைமைகள் உலகப் பொதுவானவை என்ற தவறான எண்ணம் உண்டாகும். ஜப்பானியத் திரைத்தொழில் நெடுங்காலம் தன் படங்களைப் பழங்காலக் கதை, தற்காலக் கதை என்று இரண்டாகப் பிரித்தது; 1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியதே ஏறத்தாழ அதன் எல்லைக்கோடு. இந்தியத் திரைத்தொழில் புராணப் படம், பக்திப் படம், சமூகப் படம், ஸ்டண்ட் படம் என்று பிரித்தது. இவற்றில் 'சமூகப் படம்' என்பதற்கு ஹாலிவுட் பட்டியலில் நேரான இணை கிடையாது. அந்தந்தத் தொழில் தன் படங்களை எப்படிப் பிரித்துக்கொண்டது என்பதிலிருந்தே ஆய்வு தொடங்க வேண்டும். வேறொரு நாட்டின் பெட்டிகளைக் கொண்டுவந்து அவற்றில் படங்களை அடைக்கக் கூடாது.

வகைமைகள் ஒரு சமூகத்துக்கு என்ன செய்கின்றன என்பது தனியொரு ஆய்வுத்துறை. ஒரு பண்பாடு எதை அடக்கிவைக்கிறதோ அதுவே திகில் படத்தின் அரக்கனாகத் திரும்பி வருகிறது என்று விமர்சகர் ராபின் வுட் 1970களின் இறுதியில் எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் லிண்டா வில்லியம்ஸ் 1991இல், திகிலும் அழுகைப் படங்களும் பாலியல் படங்களும் பார்வையாளரின் உடலையே நடுங்கவும் அழவும் கிளர்ச்சியுறவும் செய்வதால் 'உடல்சார் வகைமைகள்' என்று ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார். மட்டமானவை என்று ஒதுக்கப்பட்ட படங்களைக் கவனத்துக்குரிய ஆய்வுப்பொருளாக்கியதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி சுயாதீன சினிமாவுக்கு வருவோம். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் எழ வேண்டிய முதல் கேள்வி: எதிலிருந்து சுயாதீனம்? விடை காலந்தோறும் மாறியிருக்கிறது. 1908இல் எடிசன் நிறுவனமும் பிற காப்புரிமையாளர்களும் சேர்ந்து அமெரிக்காவில் ஒரு கூட்டமைப்பை உருவாக்கி, கேமராவும் படக்காட்டும் கருவியும் தங்கள் உரிமத்துக்கு உட்பட்டவை என்று அறிவித்தார்கள். அந்தக் கூட்டமைப்புக்கு வெளியே நின்று படமெடுத்தவர்களையே அன்று 'சுயாதீனர்' என்றார்கள். அவர்களில் ஒருவரான கார்ல் லெம்லே பின்னர் 1912இல் யுனிவர்சல் நிறுவனத்தை நிறுவியவர்களில் முக்கியமானவர். நேற்றைய சுயாதீனர் நாளைய ஹாலிவுட் ஆனார்.

அடுத்த தலைமுறையில் பொருள் மாறியது. பெரிய ஸ்டுடியோக்கள் தயாரிப்பு, விநியோகம், திரையரங்கு மூன்றையும் தங்கள் கையில் வைத்திருந்த காலத்தில், அந்த வளையத்துக்கு வெளியே மலிவான வெஸ்டர்ன்களையும் குற்றப் படங்களையும் எடுத்துக் குவித்த சிறு நிறுவனங்களும் சுயாதீனமானவையே. கறுப்பின மக்களுக்காகக் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டு 1919 முதல் தன் சொந்த முயற்சியில் படமெடுத்து, தானே ஊர் ஊராகச் சென்று விற்ற ஆஸ்கர் மிஷோவும் சுயாதீனமானவரே. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவாக ஸ்டுடியோக்கள் தங்கள் திரையரங்குகளைக் கைவிட நேர்ந்தது. வெளியாருக்குத் திரை கிடைக்கும் வாய்ப்பு அதனால் கூடியது. 1950களின் இறுதியில் இயக்குநர் ஜான் கசவெட்டிஸ் 16 மி.மீ. கேமராவில் 'ஷேடோஸ்' படத்தை எடுத்தபோது, பணத்தோடு நடிப்பு, கதை சொல்லும் முறை ஆகியவற்றிலும் ஸ்டுடியோ வழியிலிருந்து விலகுவது என்ற பொருளும் அந்தச் சொல்லோடு சேர்ந்தது.

இன்று பலரும் மனத்தில் வைத்திருக்கும் 'இண்டி' (சுயாதீனம் என்று பொருள்படும் 'இண்டிபெண்டன்ட்' என்பதன் சுருக்கம்) என்ற படிமம் இதற்கெல்லாம் மிகவும் பிந்தியது. ஹாலிவுட் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டு 1981இல், சுயாதீனப் படைப்பாளிகளுக்கு உதவும் சண்டான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் நடத்திய விழாவில் 1989இல் ஸ்டீவன் சோடர்பெர்க்கின் முதல் படமான 'செக்ஸ், லைஸ், அண்ட் வீடியோடேப்' பார்வையாளர் விருது பெற்று, பிறகு பிரான்சின் கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசையும் வென்றது. ஏறத்தாழ 12 லட்சம் டாலரில் எடுத்த அந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் மட்டும் 2.4 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பெரிய நிறுவனங்கள் கவனிக்கத் தொடங்கின. அதை விநியோகித்த மிராமேக்ஸ் நிறுவனத்தை 1993இல் டிஸ்னி வாங்கியது. மற்ற ஸ்டுடியோக்களும் இத்தகைய படங்களுக்கென்று துணைப் பிரிவுகளைத் தொடங்கின. ஸ்டுடியோவின் பணத்தில், ஸ்டுடியோவின் விநியோகத்தில் வெளியாகும் படத்தைச் சுயாதீனப் படம் என்று சொல்வது எப்படி என்ற கேள்வி எழுந்தபோது, இண்டியையும் ஹாலிவுட்டையும் சேர்த்த 'இண்டிவுட்' என்ற கலவைச் சொல் புழக்கத்துக்கு வந்தது.

பிரிட்டன் ஆய்வாளர் ஜெஃப் கிங் 2005இல் இந்தக் குழப்பத்தில் வழிகாட்டும் ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஒரு படம் தொழில்துறையில் எங்கே நிற்கிறது, அதன் வடிவமும் அழகியலும் எத்தகையவை, சமூக அரசியல் பார்வையில் அது நடைமுறை ஒழுங்கோடு எப்படி உறவாடுகிறது என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியே கேட்க வேண்டும் என்றார். ஒரு படம் சொந்தப் பணத்தில் எடுக்கப்பட்டும் வடிவத்தில் முழுக்க வழக்கமானதாக இருக்கலாம். மற்றொன்று பெருநிறுவனத்தின் துணைப்பிரிவில் உருவாகியும் கதை சொல்லும் முறையில் துணிவானதாக இருக்கலாம். சுயாதீனம் என்பது ஆம், இல்லை என்று விடை சொல்லும் கேள்வி அன்று; எந்த அச்சில் எவ்வளவு என்று அளக்க வேண்டிய ஒன்று. யானிஸ் ட்ஸியூமாகிஸ் என்ற ஆய்வாளர், சுயாதீனம் என்ற சொல்லை எந்தக் காலத்தில் யார் எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்ற வரலாற்றையே ஆராயலாம் என்று காட்டினார். வகைமை ஆய்வில் நீல் செய்ததும் இதுவே அல்லவா?

அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் நியூமன் 2011இல் பார்வையாளரின் பக்கம் திரும்பினார். இண்டி என்பது ஒரு திரைப்படப் பண்பாடு. அதன் பார்வையாளர்கள் சில பழக்கங்களோடு அந்தப் படங்களை அணுகுகிறார்கள். பாத்திரங்களை ஒரு சமூகச் சூழலின் அடையாளங்களாகக் காண்கிறார்கள். வடிவத்தை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். ஏதேனும் புரியாவிட்டால் அது ஹாலிவுட்டுக்கு எதிரான ஒரு செயல் என்று பொருள்கொள்கிறார்கள். இந்த மூன்றாவது பழக்கம் என்னைப் பலமுறை யோசிக்கவைத்திருக்கிறது. அப்படியானால் இண்டியும் ஒரு வகைமைதானே? சுவரொட்டியில் விழா முத்திரைகளைக் கண்டவுடன் திறந்த முடிவையும் மெதுவான நடையையும் எதிர்பார்த்துக்கொண்டு உள்ளே போகிறோம். அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்டுவெல் 1979லேயே கலைப்படங்களைப் பற்றி இதை ஒத்த ஒன்றைச் சொல்லியிருந்தார்: தளர்வான காரணகாரியத் தொடர்பு, குறிக்கோள் இல்லாத பாத்திரங்கள், தீராத ஐயம் ஆகியவை விதிமீறல்கள் போலத் தோன்றினாலும், அவையே அந்த மரபின் விதிகள். சந்தையில் இண்டி ஒரு வகைமைபோல இயங்குகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வு, அந்தப் படங்களை எடுத்தவர்களின் உழைப்பையும் கடனையும் விநியோகஸ்தர் கிடைக்காமல் காத்திருந்த காலத்தையும் கணக்கில் எடுக்காமல் போய்விடும். மானுடவியலாளரான ஷெரி ஆர்ட்னர் சுயாதீனத் தயாரிப்பாளர்களையும் இயக்குநர்களையும் நேரில் சந்தித்துப் பேட்டிகண்டு தன் ஆய்வை அமைத்ததை நான் மிகவும் மதிப்பது இதனால்தான்.

புதிதாக இந்தத் துறைக்கு வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம், வகைமைப் படம் என்றால் வணிகம், சுயாதீனப் படம் என்றால் வகைமைக்கு எதிரி என்ற எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. நட்சத்திர நடிகரும் விளம்பரப் பணமும் இல்லாத ஒருவருக்குப் பார்வையாளரிடம் கொண்டுசெல்ல ஒரு அடையாளம் வேண்டும். வகைமை அந்த அடையாளத்தைச் செலவில்லாமல் தருகிறது. திகில் படத்துக்கு இருட்டும் ஒரு வீடும் போதும்.

1968இல் வெளியான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' இதற்குச் சிறந்த சான்று. பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் ஏறத்தாழ 1,14,000 டாலரில், கருப்பு வெள்ளையில் எடுத்த படம் அது. இறந்தவர்கள் எழுந்துவந்து உயிருள்ளவர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணைவீட்டுக்குள் சிலர் ஒளிந்துகொண்டு தங்களுக்குள் சண்டையிடுகிறார்கள். டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் ஏற்ற நாயகன் பாத்திரம் இரவு முழுவதும் போராடிப் பிழைத்துவிடுகிறது. விடிந்தபின் காப்பாற்ற வந்த துப்பாக்கிக் கூட்டம் அவனையும் பிணமென்று எண்ணிச் சுட்டுக் கொல்கிறது. அதன்பின் படம் அசைவதை நிறுத்திவிடுகிறது. செய்தித்தாள் படங்கள் போன்ற கரடுமுரடான நிழற்படங்களாக, கொக்கிகளால் அவன் உடலைத் தூக்கிச் செல்வதைக் காண்கிறோம். அந்த ஆண்டில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்த போர், இனக்கலவரம், படுகொலைப் படங்களை நினைத்தால், இந்த முடிவு ஏன் அவ்வளவு கனமாக விழுந்தது என்பது புரியும். பெரிய ஸ்டுடியோ ஒன்று இந்த முடிவை அப்படியே அனுமதித்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இன்று உலகெங்கும் 'ஸாம்பி' படங்கள் என்ற வகையின் தாயாக இந்தப் படத்தைக் கருதுகிறோம். ஆனால் படத்துக்குள் யாரும் ஸாம்பி என்ற சொல்லைச் சொல்வதில்லை. அந்தப் பெயர் பின்னர் பார்வையாளரும் விமர்சகரும் சேர்ந்து ஒட்டியது. அந்த வகை இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு ஒரு தற்செயலும் துணைசெய்தது. வெளியீட்டுக்கு முன் படத்தின் தலைப்பு மாற்றப்பட்டபோது, பழைய தலைப்போடு இருந்த பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனது; அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதனால் படம் பொதுவுடைமையாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், நகலெடுக்கலாம், ஒளிபரப்பலாம். எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பெரும்பணம் சேரவில்லை. படமோ எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. வகைமையின் வரலாற்றைப் படத்தின் அழகியலை மட்டும் வைத்து எழுத முடியாது என்பதற்கு விடுபட்ட அந்த ஒரு வரியே போதும்.

தொடங்க விரும்பும் மாணவருக்கு ஒரு வழி சொல்லலாம். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அது வெளியான ஆண்டின் விளம்பரங்களையும் விமர்சனங்களையும் தேடிப் படியுங்கள். அவற்றில் அந்தப் படத்துக்கு என்ன பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்றைய இணையதளங்களும் ஓடிடி தளங்களும் அதே படத்தை எந்தப் பட்டியலில் வைத்திருக்கின்றன என்று பாருங்கள். பழைய அமெரிக்கத் திரைத்தொழில் பத்திரிகைகள் பலவற்றை 'மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி' இலவசமாக இணையத்தில் வைத்திருப்பதால், ஒரு காலத்தில் பெரிய நூலகங்களுக்குச் சென்றால்தான் முடிந்த இந்த வேலையை இன்று வீட்டிலிருந்தே செய்யலாம். இரண்டு பட்டியல்களும் ஒத்துப்போகாத இடத்தில் உங்கள் ஆய்வுக் கேள்வி காத்திருக்கும்.

படத்துக்குள்ளே பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு நான் பரிந்துரைப்பது கெல்லி ரைகார்ட் இயக்கிய 'மீக்ஸ் கட்ஆஃப்' என்ற 2010ஆம் ஆண்டுச் சுயாதீனப் படம். 1845இல் அமெரிக்காவின் ஆரிகன் நிலப்பரப்பில் வண்டிகளோடு வழிதவறிய சில குடும்பங்களின் கதை. வெஸ்டர்னின் கருப்பொருள்கள் எல்லாம் இதில் இருக்கின்றன: பாலைநிலம், மாட்டுவண்டி, வழிகாட்டி, துப்பாக்கி, சிறைப்பிடிக்கப்பட்ட பூர்வகுடி மனிதன். ஆனால் அகன்ற திரையில் தொடுவானத்தைக் காட்டிப் பழகிய வகைமையை, ரைகார்ட் ஏறத்தாழ சதுரமான பழைய சட்டகத்துக்குள் எடுத்திருக்கிறார். பெண்கள் அணியும் ஆழமான துணித் தொப்பி பக்கவாட்டுப் பார்வையை மறைப்பதுபோல, சட்டகமும் நமக்கு நிலத்தை மறைக்கிறது. ஆண்கள் தள்ளி நின்று எந்தப் பக்கம் போவது என்று பேசும்போது, அவர்களின் குரல் பெண்களின் காதுக்கு எட்டும் அளவுக்கே நமக்கும் எட்டுகிறது.

படத்தில் ஒரு காட்சி. தனியாக இருக்கும் எமிலி என்ற பெண், பின்னர் சிறைப்பிடிக்கப்படும் அந்தப் பூர்வகுடி மனிதனை முதன்முதலாக நேருக்கு நேர் காண்கிறாள். வண்டிக்கு ஓடிவந்து, நீண்ட துப்பாக்கியை எடுத்து, தூரத்தில் இருக்கும் ஆண்களுக்குக் கேட்கும்படி வானை நோக்கி ஒருமுறை சுடுகிறாள். இரண்டாவது முறை சுட வேண்டும். மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறுக்கி, மறுபடியும் தூக்கிப் பிடிக்க வேண்டும். வழக்கமான வெஸ்டர்னில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் ஒரு செயல் இது. இங்கே படம் அவளை அவசரப்படுத்துவதில்லை. அந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரமும் நாம் காத்திருக்கிறோம்.